92 கையெழுத்தில் போன ரீகால் மனு

கலிஃபோர்னியாவில் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியத்தின் உறுப்பினர் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்க எங்கள் பகுதிக்காரர்கள் சேர்ந்து கொடுத்த மனு 92 கையெழுத்து போதாமல் தள்ளுபடியானது. தேவைப்பட்டது 2,410. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது 2,902. அதில் தேறியது 2,318. கைக்காசு 3,395 டாலர் போனது. ஏழு மாதத்துச் சனி ஞாயிறுகளும் கூடவே போயின. ஊர் பெயரும் ஆள் பெயரும் இங்கே தேவையில்லை. அவர் ஏன் இறங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம் என்பதும் இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குக் குறைவே இல்லை. எல்லைக்கோடு, பழைய விலாசம், எழுத மறந்த தேதி இவற்றில்தான் மனு விழுந்தது. அதைவிட வயிற்றெரிச்சல், நாங்கள் நம்பிப் படித்த வழிகாட்டிகளில் பாதி 2023க்கு முந்தையவை. அதற்குப் பிறகு விதி மாறிவிட்டது என்று ஆரம்பத்திலேயே ஒருவர் சொல்லியிருந்தால் குறைந்தது ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் மனுப்போட்டு இறக்கும் ‘ரீகால்’ உரிமை கலிஃபோர்னியா மாநில அரசியல் சட்டத்தில் 1911இல் வந்தது. அப்போதைய ஆளுநர் ஹைரம் ஜான்சன் ரயில்வே கம்பெனியின் பிடியிலிருந்து மாநில அரசியலை மீட்கிறேன் என்று கொண்டுவந்த சீர்திருத்தங்களில் அதுவும் ஒன்று. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும் அதே அக்டோபர் தேர்தலில்தான். 2003இல் ஆளுநர் கிரே டேவிஸ் இப்படி இறக்கப்பட்டு ஆர்னால்ட் ஸ்வார்செனெக்கர் வந்தது உலகத்துக்கே தெரிந்த கதை; அன்றைய வாக்குச்சீட்டில் 135 வேட்பாளர்கள். 2021 செப்டம்பரில் கேவின் நியூசம் மீது வந்த ரீகால் தோற்றது. அந்தத் தேர்தலுக்கு ஏறக்குறைய 20 கோடி டாலர் அரசுப் பணம் செலவானது. நம் ஊரில் எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கச் சட்டம் இல்லையே என்று ஏங்கும் நண்பர்கள் இங்கே வந்து ஒரு கிளிப்போர்டைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் நின்று பார்க்கலாம்.

இனி மாறிய விதிக்கு வருகிறேன். முன்பு ரீகால் வாக்குச்சீட்டில் இரண்டு கேள்விகள் இருக்கும். முதலாவது, இவரை இறக்கலாமா. இரண்டாவது, இறக்கினால் பதிலுக்கு யார். முதல் கேள்வியில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு விழுந்து பதவி போனால், இரண்டாவதில் அதிக வாக்கு வாங்கியவர், பத்தில் இரண்டு பங்கு வாங்கியிருந்தாலும், உள்ளே போய்விடலாம். 2021 தேர்தலுக்குப் பிறகு இதற்கு எதிர்ப்பு வலுத்தது. 2022இல் சட்டமன்றம் உள்ளாட்சிப் பதவிகளுக்கு மட்டும் இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டது. 2023 ஜனவரி முதல் நகர மன்றம், கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது), பள்ளி வாரியம் எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்ற ஒரே கேள்விதான். காலியிடத்தை வழக்கமான காலியிட விதிப்படி நிரப்பிக்கொள்வார்கள். ஆளுநர் போன்ற மாநிலப் பதவிகளின் விதி அரசியல் சட்டத்திலேயே இருப்பதால் சட்டமன்றம் தானாக அதைத் தொட முடியாது. அதையும் மாற்றலாமா என்று வாக்காளர்களைக் கேட்கும் திருத்தத்தை 2026 நவம்பர் தேர்தலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே ஆளுநருக்கு ஒரு விதி, உங்கள் தெருப் பள்ளிக்கு ஒரு விதி. செய்தியில் பார்த்த ரீகாலை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளூர் மனுவில் இறங்காதீர்கள்.

இந்த மாற்றம் வீட்டு வாசலில் எப்படிக் கடிக்கும் என்று எங்களுக்கு முதலில் உறைக்கவில்லை. கதவைத் திறப்பவர் கேட்கும் முதல் கேள்வியே “சரி, அவருக்குப் பதிலா யாரு?” என்பதுதான். பள்ளி வாரியத்தைப் பொறுத்தவரை பதில், மீதமுள்ள உறுப்பினர்களே 60 நாளுக்குள் ஒருவரை நியமிக்கலாம் அல்லது தேர்தலுக்கு உத்தரவிடலாம். நியமனம் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள், பதிவான வாக்காளரில் ஒன்றரை சதவீதம் பேர் கையெழுத்திட்டு அதை ரத்து செய்து தேர்தல் கேட்கலாம். எங்கள் வாரியத்தில் ஐந்து பேர். மற்ற நால்வரில் மூவர், நாங்கள் இறக்க நினைத்தவரோடு சேர்ந்து அதே தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்கள். அப்படியென்றால் ஜெயித்தாலும் அவர்கள் கையாலேயே அடுத்தவர் வருவார். கதவருகே நின்று இதை மழுப்பக் கூடாது. மழுப்பிய இடங்களில் கையெழுத்துப் போட்டவர்களே பின்னால் போன் செய்து திட்டினார்கள். சிலர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றும் விட்டார்கள். மனு தாக்கலாகும் முன் எழுத்தில் கேட்டால் அதற்கு உரிமை உண்டு. எதிர்த்தரப்பு அதற்கென்றே ஒரு படிவம் அச்சடித்து விநியோகித்தது.

அடுத்தது எண்ணிக்கைக் கணக்கு. உள்ளாட்சிப் பதவிக்கு எத்தனை கையெழுத்து என்பது அந்தத் தொகுதியில் பதிவான வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரத்துக்குக் கீழே என்றால் 30 சதவீதம். ஆயிரம் முதல் பத்தாயிரத்துக்குள் 25. பத்தாயிரம் முதல் 50 ஆயிரத்துக்குள் 20. அதிலிருந்து ஒரு லட்சத்துக்குள் 15. அதற்கு மேல் 10. அவகாசமும் இதைப் போலவே படிப்படியாக மாறும்: ஆயிரத்துக்குக் கீழே 40 நாள், ஐயாயிரத்துக்குக் கீழே 60, பத்தாயிரத்துக்குக் கீழே 90, 50 ஆயிரத்துக்குக் கீழே 120, அதற்கு மேல் 160. எங்கள் தொகுதியில் பதிவானவர்கள் 9,640 பேர். 25 சதவீதம், 2,410 கையெழுத்து, 90 நாள். இன்னும் 360 பேர் பதிவு செய்திருந்தால் பத்தாயிரம் ஆகியிருக்கும். அப்போது 2,000 கையெழுத்து போதும், நாளும் 120. ஆள் கூடக்கூட வேலை குறைகிற இந்த விசித்திரத்தைக் கவனிக்காமல் விட்டோம். கணக்குக்கு எடுத்துக்கொள்வது கவுன்ட்டி தேர்தல் அலுவலகம் கடைசியாக மாநிலத்துக்கு அனுப்பிய வாக்காளர் பதிவு அறிக்கை. உங்கள் தொகுதி இந்த எல்லைகள் ஒன்றின் விளிம்பில் நின்றால், முதல் வேலையாக வாக்காளர் பதிவு முகாம் நடத்துங்கள். அடுத்த அறிக்கை வந்த பிறகு நோட்டீஸ் கொடுக்கலாம்.

தொகுதி என்றேனே, எங்கள் மனு பெரும்பாலும் அங்கேதான் உடைந்தது. முன்பு பள்ளி வாரிய உறுப்பினர்களைப் பள்ளி மாவட்டம் (ஒரே வாரியத்தின் கீழ் வரும் பகுதி) முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்ற பயத்தில் பல பள்ளி மாவட்டங்கள் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் என்று மாறிவிட்டன. அப்படிப்பட்ட உறுப்பினரை இறக்க அவருடைய பகுதி வாக்காளர் மட்டுமே கையெழுத்துப் போடலாம். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பார்கள், ஆனால் தெருவின் வலப்பக்கம் ஒரு பகுதி, இடப்பக்கம் வேறு பகுதி. தனக்கே எந்தப் பகுதி என்று தெரிந்தவர் நூறில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எங்களுக்கு விழுந்த 584 செல்லாத கையெழுத்தில் 231 எல்லைக்கு வெளியே. தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை விலைக்குத் தருவார்கள், தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தலாம். எங்களுக்கு 75 டாலர் ஆனது. அதை முதல் நாளே வாங்கி, தெருப் பெயர்களை அகரவரிசையில் ஒரே தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கிளிப்போர்டின் பின்பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கியது 40ஆவது நாளில்.

முதல் ஆவணம் உத்தேச அறிவிப்பு, நான் நோட்டீஸ் என்று சொன்னது இதைத்தான். யாரை, எந்தப் பதவியிலிருந்து, என்ன காரணத்தால் இறக்கக் கேட்கிறோம் என்று 200 சொல்லுக்குள் எழுதி, மனுதாரர்கள் பெயர், கையெழுத்து, வீட்டு விலாசத்தோடு அவருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுக்க வேண்டும். கொடுத்த ஏழு நாளுக்குள் மூலப்பிரதியும் கொடுத்ததற்கான உறுதிமொழியும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பத்து மனுதாரர் போதும் என்பது பழைய கணக்கு. 2022 சட்டத்தில் அதையும் உயர்த்திவிட்டார்கள், தொகுதியின் அளவைப் பொறுத்து மாறும். உங்கள் எண்ணிக்கையை அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் வீட்டு விலாசம் ஊருக்கெல்லாம் தெரியப்போகிறது என்றதும் கடைசி நேரத்தில் பின்வாங்குபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிறகு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அறிவிப்பை வெளியிட வேண்டும், செலவு நம்முடையது. 480 டாலர் கேட்டார்கள். 200 சொல்லையும் நிரப்பி எழுதியதற்கு வரிக்கு வரி காசு. காரணத்தை 90 சொல்லில் எழுதியிருந்தால் விளம்பரக் கட்டணமும் குறைந்திருக்கும், பின்னால் மனுத்தாளில் இடமும் மிஞ்சியிருக்கும்.

அவர் ஏழு நாளுக்குள் 200 சொல்லில் பதில் தரலாம். தந்தால் அதையும் நம் மனுத்தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் நம் செலவில் அச்சடிக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நியாயமான விதி. பதில் வந்த பத்து நாளுக்குள் வெற்று மனுப் படிவம் இரண்டு பிரதி ஒப்புதலுக்குப் போக வேண்டும். இங்கேதான் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை, இணையத்தில் கிடைத்த பழைய மனு ஒன்றின் வடிவத்தைப் பார்த்துச் செய்திருந்தோம். கூடவே காரண வாசகத்தில் எங்களுள் ஒருவர் இலக்கணம் திருத்துகிறேன் என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தார். அறிவிப்பில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும், தப்பு இருந்தால் தப்போடு. இரண்டாம் தடவை, அவருடைய பதிலை மட்டும் சின்ன எழுத்தில் போட்டிருந்தோம். எழுத்தின் அளவு எட்டுப் புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது. எல்லாப் பகுதியும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். மாநிலச் செயலர் அலுவலகம் வெளியிட்டிருக்கும் மாதிரிப் படிவத்தில் கைவைக்காமல் பெயரை மட்டும் நிரப்புங்கள். புதுச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. இரு தரப்பு வாசகத்தையும் பத்து நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பொய் என்றோ திசைதிருப்புகிறது என்றோ நினைப்பவர் நீதிமன்றம் போகலாம். ஒரு தொகையை எழுதினால் அதற்கான கூட்டக் குறிப்பு கையில் இருக்கட்டும். எங்கள் வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு மணி நேரம் காட்டியதற்கு 800 டாலர். அந்தச் செலவை மட்டும் நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

படிவம் சரி என்று அலுவலகம் தெரிவிக்கும் நாளிலிருந்தே கடிகாரம் ஓடும், நாம் அச்சடித்து முடிக்கும் நாளிலிருந்து அல்ல. எங்களுக்கு அச்சகத்தில் ஆறு நாள் போனது. எஞ்சியது 84 நாள். ஒப்புதல் வந்தது நவம்பர் நடுவில். நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) வாரம், கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரி மழை எல்லாம் அந்த 84 நாளுக்குள் அடக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு இருப்பதால் நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நோட்டீஸ் கொடுக்கும் நாள்தான் பின்னால் வரும் எல்லா நாளையும் தீர்மானிக்கிறது. நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். கையெழுத்துக் காலம் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் விழுந்தால் நல்லது, பொழுதும் நீளம், பள்ளியும் நடக்கும். உறுப்பினர் நடப்புப் பதவிக்காலத்தில் 90 நாளாவது முடித்திருக்க வேண்டும், பதவிக்காலம் முடிய ஆறு மாதமோ குறைவோ இருந்தால் தொடங்க முடியாது என்பதையும் அதே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒருவருக்கு ஒரு மனு. மூன்று பேரை இறக்க மூன்று தனி மனு, மூன்று தனிக் கையெழுத்து. நாங்கள் மூன்று பேரில் தொடங்கி ஒருவருக்கு இறங்கிவந்தது அதனால்தான்.

ஒரு தாளில் வாசகமெல்லாம் போக ஒன்பது கையெழுத்துக்குத்தான் இடம். பெயர், கையெழுத்து, வீட்டு விலாசம் மூன்றையும் போடுபவரே தன் கையால் எழுத வேண்டும். வயதானவர் என்று பரிதாபப்பட்டு விலாசத்தை நாம் நிரப்பினால் அந்த வரி போச்சு. உடல் இயலாதவருக்கு மட்டும் தனி விதி உண்டு. தபால் பெட்டி எண் செல்லாது. அடுக்குமாடி வீட்டு எண் விட்டுப்போனாலோ தப்பாக இருந்தாலோ அதற்காகத் தள்ளக் கூடாது, முதல் பெயருக்குப் பதில் இனிஷியல் போட்டாலும் தள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நம்மவர்களுக்கு இது முக்கியம். ஒருவர் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு வரிசை, வாக்காளர் பதிவில் மூன்றாவது வரிசை. வாக்காளர் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தும் அப்படித்தான். பதிவின்போது தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் கிறுக்கினால் ஒப்பிடுபவருக்கு வேறு ஆள். பொருந்தாதவை என்று எங்களுக்கு 21 போயின.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மேசை போட்டோம். ஒரே மதியத்தில் 160க்கு மேல். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், யாரோ சர்க்கரைப் பொங்கல்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் பாதி தேறவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், பகுதி மாறியவர்கள், இன்னும் குடியுரிமை வாங்காதவர்கள். கடைசி வகையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எச்1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர் இதில் கையெழுத்திடக் கூடாது, பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தாலும். தகுதி இல்லை என்று தெரிந்தே போடுவது குற்றம். பதிவான வாக்காளர் என்று சொல்லும் ஒரு தாளில் பெயர் இருப்பது நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் வேண்டாத கேள்வியைக் கிளப்பும். “நீங்க சிட்டிசனா?” என்று கேட்க நமக்குக் கூச்சம். கூச்சப்படாமல் கேளுங்கள், பேனாவைக் கையில் கொடுப்பதற்கு முன்பே. அந்தத் தாள்களில் இருந்த சில பெயர்களை நினைத்து நான் பல இரவு தூங்கவில்லை. அவர்களைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசி, தாக்கலுக்கு முன்பே அந்த வரிகளை அடித்தோம்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் பெரிய வணிக வளாகங்களின் பொது இடத்தில் நின்று கையெழுத்து வாங்க உரிமை உண்டு. கேம்பல் ஊரின் புரூன்யார்ட் வளாகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பள்ளி மாணவர்கள் வழக்குப் போட்டு, 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற உரிமை அது. தனியாக நிற்கும் மளிகைக் கடை வாசலுக்கு அதே பாதுகாப்பு இல்லை, விரட்டினால் நகர்ந்துவிடுவது நல்லது. கடை வாசலில் மணிக்கு இருபது கூடக் கிடைக்கும், ஆனால் மூன்றில் ஒன்று வெளியூர். பட்டியலை வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் மணிக்கு எட்டுதான், ஆனால் எட்டும் தேறும். எங்களுக்கு இந்த வித்தியாசம் புரிந்தபோது முப்பது நாள் மிச்சம்.

எல்லாவற்றையும்விட அதிகம் வருந்தியது வாக்காளர் பதிவு அட்டை விஷயத்தில். 142 பேர் பதிவே செய்யாதவர்கள். 108 பேர் வீடு மாறியும் பழைய விலாசத்திலேயே பதிவை வைத்திருந்தவர்கள். இந்த 250 பேரையும் காப்பாற்றியிருக்கலாம். ஒருவர் மனுவில் கையெழுத்திடும் அதே நாளிலோ அதற்கு முன்போ பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டு, மனு தாக்கலாகும் நாளுக்குள் அது அலுவலகத்துக்குப் போய்விட்டால் அவருடைய மனுக் கையெழுத்து செல்லும். அதாவது ஒவ்வொரு கிளிப்போர்டோடும் பத்து வெற்றுப் பதிவு அட்டை இருந்தால் போதும். “இந்த வீட்டுக்கு வந்து எத்தனை நாளாச்சு? விலாசம் மாத்தினீங்களா?” என்று கேட்டு, இல்லையென்றால் முதலில் அட்டை, பிறகு மனு. வாங்கிய அட்டையை மூன்று நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும், நம் வண்டியின் பின்சீட்டில் கிடக்கக் கூடாது. இந்த விதி தேர்தல் சட்டத்தில் பதிவு பற்றிய பகுதியில் இருக்கிறது, ரீகால் பகுதியில் இல்லை. நாங்கள் ரீகால் பகுதியை மட்டும்தான் விழுந்து விழுந்து படித்தோம்.

கையெழுத்துச் சேகரிப்பவர் ஒவ்வொரு தாளின் கீழும் தன் பெயர், விலாசம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வாங்கினார் என்பதைத் தானே எழுதி உறுதிமொழிக் கையெழுத்திட வேண்டும். வாங்கி முடித்த பிறகே அதைச் செய்ய வேண்டும். இரண்டு தாளில் தேதி விட்டுப்போய் 18 கையெழுத்து மொத்தமாகப் போனது. அந்த 18 பேர் மேலும் எந்தத் தப்பும் இல்லை. தினமும் ராத்திரி தாள்களை ஒருவரிடம் சேர்த்து, கீழ்ப்பகுதியை முதலில் பார்க்கும் பழக்கம் வேண்டும். மீதி 17, விலாசத்தை வேறு யாரோ எழுதியவை, படிக்கவே முடியாதவை. 47 பேர் இரண்டு தடவை போட்டவர்கள். கெட்ட எண்ணமில்லை, போன மாதம் போட்டதை மறந்தவர்கள்தான்.

பணக்கணக்கில் நடந்த ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்காட்டி ஆண்டில் 2,000 டாலர் சேர்ந்துவிட்டால் நீங்கள் சட்டப்படி ஒரு பிரசாரக் குழு. பத்து நாளுக்குள் படிவம் 410, பிறகு வரவு செலவுக்குப் படிவம் 460, ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம். நாங்கள் 2,000 தாண்டியதே தெரியாமல் இருந்து 11 நாள் தாமதமாகக் கொடுத்தோம். நாளுக்கு 10 டாலர் வீதம் 110 அபராதம். பத்திரிகை, வழக்கறிஞர், பட்டியல் போக அச்சுக்கு 430, மேசை பதாகை கிளிப்போர்டுக்கு 350, வீடுகளுக்கு அனுப்பிய அஞ்சலட்டைக்கு 1,100. அஞ்சலட்டையைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்திட்டவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அதே காசுக்குப் பட்டியலையும் பதிவு அட்டைகளையும் வைத்து நான்கு வாரம் கதவு தட்டியவர்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கலாம்.

எல்லாத் தாளையும் ஒரே நேரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு ஒரு தாளைக்கூடச் சேர்க்க விடமாட்டார்கள். அதன்பின் வேலைநாள் கணக்கில் 30 நாள் சரிபார்ப்பு. 500 கையெழுத்துக்கு மேல் இருந்தால் முதலில் மாதிரி எடுத்துப் பார்க்கலாம்: 500 அல்லது ஐந்து சதவீதம், எது அதிகமோ அது. அதை வைத்துக் கணித்தால் தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அப்போதே தள்ளுபடி, 110க்கு மேலே வந்தால் அப்போதே தேர்ச்சி, நடுவில் வந்தால் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எங்களுடையது 500இல் 401 தேறி நடுவில் விழுந்தது. முழு எண்ணிக்கை என்று கேட்டதும் சிலர் இனிப்பு வாங்கப் போனார்கள். 80 சதவீதத்தை 2,902ஓடு பெருக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு நடந்தது புதிதும் இல்லை. 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோனை இறக்கக் கொடுத்த மனுவில் 7,15,833 கையெழுத்து, தேவை 5,66,857, தேறியது 5,20,050. தள்ளப்பட்ட 1,95,783இல் பதிவே இல்லாதவர்கள் 88,464, இரண்டாம் தடவை போட்டவை 43,593, விலாசம் மாறியவை 32,187. கையெழுத்துப் பொருந்தாதவை 9,490 மட்டும்தான். நூறில் 27 செல்லாதவை. 2024இல் அலமேடா கவுன்ட்டி அரசு வழக்கறிஞர் பமேலா பிரைஸ் மீதான மனுவில் 1,23,374க்கு 74,757தான் தேறியது, நூறுக்கு 61கூட இல்லை. ஆனால் தேவை 73,195 என்பதால் மனு தப்பியது, நவம்பரில் அவர் பதவியும் போனது. தேவைக்கு மேல் 20 சதவீதம் போதும் என்று நாங்கள் வைத்த கணக்கு யாரோ சொல்லிக் கேட்டது. தினமும் பட்டியலோடு ஒத்துப்பார்த்து அடித்துக்கொண்டே வந்தால் அது போதலாம். ஒத்துப்பார்க்காமல் கொண்டுபோய்க் கொட்டுவதென்றால் 50 சதவீதம்கூடப் போதாது. வாசலில் நின்று கூலிக்கு வாங்கும் கையெழுத்துகளுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

தள்ளுபடியானால் 21 நாளுக்குள் மனுதாரர்கள் அலுவலகத்துக்குப் போய் எவை ஏன் தள்ளப்பட்டன என்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை, மனு பொது ஆவணமும் இல்லை. மூன்று பேர் லீவு போட்டு இரண்டு நாள் உட்கார்ந்தோம். அடுக்குமாடி எண் காரணமாகத் தவறாகத் தள்ளியவை 14 கண்டுபிடித்தோம். குறைவு பதினைந்துக்குள் இருந்திருந்தால் நீதிமன்றம் போயிருப்போம். 92க்கு அது எந்த மூலைக்கு. அலுவலக ஊழியர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை, ஒவ்வொரு தாளையும் பொறுமையாகக் காட்டினார்கள்.

மனு தோற்றால் புது மனு போடத் தடையில்லை. ஆனால் பழைய கையெழுத்து ஒன்றுகூட உதவாது, முதல் நோட்டீஸிலிருந்து தொடங்க வேண்டும். தேதிகளை எழுதிப் பார்த்தோம். அறிவிப்பு, படிவம், 90 நாள், சரிபார்ப்பு, பிறகு உத்தரவிட்ட நாளிலிருந்து 88 முதல் 125 நாளுக்குள் தேர்தல். இன்னொரு தேர்தலோடு சேர்த்து நடத்துவதானால் 180 நாள் வரை தள்ளலாம். எல்லாம் சரியாக நடந்தாலே அவருடைய பதவிக்காலத்தில் எட்டு மாதம்தான் மிஞ்சும். அந்தச் சிறப்புத் தேர்தலின் செலவும் பள்ளி மாவட்டத்தின் தலையில், அதாவது பிள்ளைகளின் காசில். அதற்குப் பதில் அடுத்த ஆண்டு நவம்பர்த் தேர்தலுக்கு ஒரு வேட்பாளரை நிறுத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது. வேட்புமனு ஜூலை நடுவில் திறந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் மூடும். கிளிப்போர்டுகள் எங்கள் வீட்டுக் கராஜில் இருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றின் பின்பக்கமும் தெருப் பட்டியல் ஒட்டியிருக்கிறது.